பாஸ்கரை எங்கே நிறுத்துவது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பழைய டீம் பையன்கள் மூன்று பேர் அல்சூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்கிறேன், மூன்று பேருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்டை. இந்த வருஷம் ஃபுட்பால் லீக்கில் ஒருத்தன் புதிதாகக் கிளம்பியிருக்கிறானாம். பின்னால் நின்றால் ஒரு பந்தையும் தாண்ட விடமாட்டானாம், முன்னால் போனால் கோல் போடாமல் திரும்பமாட்டானாம். அவன் எந்த டீமுக்குக் கையெழுத்துப் போடுவான், போட்டால் அவனை எந்த இடத்தில் ஆட விடுவார்கள் என்பதுதான் சண்டை.

"ஆறுமுகண்ணா, நீங்களே சொல்லுங்க. நீங்க மேனேஜரா இருந்தா அவனை எங்க நிறுத்துவீங்க?"

"முதல்ல அவன் முட்டியைத் தொட்டுப் பார்க்கணும். அப்புறம் சொல்றேன்" என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஃபேக்டரி ஓய்வு பெற்றோர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மூன்று வருஷமாகத் தொல்லை. சரி, இதையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதுக்கு மேல் படிக்காத ஒருத்தன் ஒரு பெரிய ஃபேக்டரியின் ஃபுட்பால் டீமுக்கு மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனது, பெங்களூரில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துக் கை கொடுத்துவிட்டு வருகிறேன். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடக் கான்ட்ராக்ட் கூலியாக வந்தவன் நான். கயிறு பிடிக்காமல் கோல் போஸ்டிலிருந்து நடுக்கோடு வரை நேராகப் போடுவேன். எங்கள் லைனில் குடியிருந்த ஒரு மலையாளத்துக்காரர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் வேலை பார்த்தார். அவரிடம் கால் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பந்துக்குக் காற்றடித்தேன், பூட்ஸ் தைத்தேன், ஐஸ் உடைத்தேன். அப்படியே டீம் மசாஜர் ஆனேன், பர்மனென்ட் ஆனேன். அந்தக் கதையெல்லாம் இவ்வளவு போதும். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஒருத்தன் கெண்டைக்காலை இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்தால் அவன் தொண்ணூறு நிமிஷம் ஓடுவானா, எழுபதிலேயே உட்கார்ந்துவிடுவானா என்று சொல்லிவிடுவேன். டிப்ளமா வாங்கிய கோச்சுகள் என்னிடம் கேட்டுத்தான் டீம் போட்டார்கள். இது பொய் என்றால் அவர்களே வந்து சொல்லட்டும்.

இந்தக் கட்டுரை மூன்று பேரைப் பற்றியது. பாஸ்கர், அந்தோணி, நாகராஜய்யா சார்.

நாகராஜய்யா சார் எங்கள் பர்சனல் ஆபீஸில் டெபுடி மேனேஜர். ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரியும் அவர்தான். தும்கூர் பக்கத்துக் கன்னடக்காரர். ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் சீவி வைத்த இரண்டு பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூலியாக இருந்த காலத்திலிருந்தே என்னை "ஆறுமுகம் அவரே" என்றுதான் கூப்பிடுவார். ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி என்னை "ஏ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் இந்த மனிதர் மட்டும் "அவரே" போட்டார். அதற்காகவே அவர் ரூமுக்கு நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போவேன்.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரு முறை உண்டு. ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்துப் பிரித்து வைப்பார். "ஹேளி" என்பார், சொல்லுங்கள் என்று அர்த்தம். நாம் சொல்லி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "யாக்கே?" என்பார். ஏன்? அவ்வளவுதான். நாம் ஒரு பதில் சொல்ல வேண்டும். கேள்வியை இடது பக்கத்திலும் பதிலை வலது பக்கத்திலும் எழுதுவார். மறுபடி "யாக்கே?" அதற்கும் பதில். மூன்றாவது தடவையும் கேட்பார். மூன்று "யாக்கே"யைத் தாண்டினால்தான் ஃபைல் நகரும். பதில் சொன்னவர் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுவார். நிறைய பேர் இரண்டாவதிலேயே எழுந்து போயிருக்கிறார்கள். நான் ஒரு தடவைகூட எழுந்து போனதில்லை. அதுதான் வினையாகப் போனது.

தொண்ணூற்று ஒன்றில் எங்கள் டீமில் இரண்டு இடம் காலி. கோல் காக்கிற கோலிக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிற ஸ்டாப்பர் ஒன்று. கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்டு ஒன்று. எங்கள் ஃபேக்டரி வழக்கப்படி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்க ஆடுகிற இடத்தைச் சொல்லித்தான் ஹெட் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு இடம் என்றால் இரண்டு பர்மனென்ட் வேலை.

சென்டர் ஃபார்வர்டு வேலை அந்தோணிக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அந்தோணி காக்ஸ் டவுன். இரண்டு வருஷமாக டெம்பரவரியில் ஆடிக்கொண்டிருந்தான். பகலில் ஸ்டோர்ஸில் பெட்டி தூக்குவான், சாயங்காலம் பிராக்டீஸ். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பிரமாதமான ஆட்டக்காரன் என்று சொல்லமாட்டேன், ஆனால் பந்து எங்கே விழும் என்று அவன் காலுக்குத் தெரியும். ஸ்டாப்பருக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நீலசந்திராவில் பாஸ்கர் அகப்பட்டான். சுண்ணாம்பு அடிக்கிற, பெயின்ட் அடிக்கிற வேலை. மைதானத்துக்கு வரும்போது கை முட்டி வரை வெள்ளையாக இருக்கும். அங்கே ஒரு லோக்கல் மேட்ச்சில், முதல் பாதியில் அவன் பின்னால் நின்று ஆடியதைப் பார்த்தேன், ஒருத்தனும் தாண்டவில்லை. இரண்டாவது பாதியில் அவன் டீம் தோற்கிற மாதிரி இருந்தது. முன்னால் போனான், இரண்டு கோல் போட்டான். ஒன்று தலையில், ஒன்று இடது காலில். நான் என் சர்வீஸில் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தனை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் பார்த்தால் மற்றவன் பார்க்கமாட்டானா? ஒரு பேங்க் டீம் அடுத்த திங்கட்கிழமை அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது. நான் சனிக்கிழமையே போய் நின்றேன். அவன் அம்மா ஒரு ஸ்கூலில் ஆயா. என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்கள்.

"பேங்க்காரங்க முன்னால ஆடணும்ங்கறாங்களாம். கோல் போட்டாத்தான் அடுத்த வருஷமும் வெச்சுக்குவாங்களாம். நீங்க இவனை என்னவா வெச்சுக்குவீங்க?"

"பர்மனென்ட்டா வெச்சுக்குவோம்மா."

"அத கேக்கல. எங்க நிக்க வெப்பீங்க? ஓடிக்கினே இருக்கணுமா, நின்ன எடத்துல நிக்கலாமா? இவன் அப்பன் ஓடி ஓடித்தான் உழுந்தாரு."

அவன் அப்பா மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவராம். நான் கையால் சத்தியம் மாதிரி காட்டி, "பின்னால நிக்க வெப்போம்மா, ஒரே எடம்" என்றேன். அந்த அம்மாள் மகனைப் பார்த்தார்கள். "ஃபேக்டரிக்கே போடா" என்றார்கள். அப்படித்தான் பாஸ்கர் எங்கள் டீமுக்கு வந்தான். அவனை எங்கே நிறுத்துவது என்பதை அவன் அம்மாவிடம் நான் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள். ஆபீஸுக்குப் போனதும்தான் புத்தி கெட்டது.

அன்றைக்கே நாகராஜய்யா சார் ரூமுக்கு ஓடினேன். தாளை மடித்தார். "ஹேளி."

ஒரு ஸ்டாப்பர் கிடைத்திருக்கிறான் சார், உடனே எடுக்க வேண்டும் என்றேன்.

"யாக்கே?"

எங்களுக்கு ஸ்டாப்பர் இல்லை, இவனை மாதிரி பெங்களூரில் ஆள் இல்லை.

எழுதினார். "யாக்கே, இவத்தே?" இன்றைக்கே ஏன்?

திங்கட்கிழமை பேங்க் வருகிறது சார்.

எழுதினார். மூன்றாவது "யாக்கே" வந்தது. எப்போதும் அனுமதிக்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்கிற ஹெட் ஆபீஸ் இதற்கு மட்டும் ஏன் உடனே ஒத்துக்கொள்ள வேண்டும்?

இங்கே நான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருக்கலாம். தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. "சார், இவன் ஸ்டாப்பர் மட்டும் இல்ல, சென்டர் ஃபார்வர்டும் இவனே. ரெண்டு பேர் வேலையை ஒருத்தனே செய்வான். அப்படின்னு எழுதுங்க, உடனே கொடுப்பாங்க" என்றேன்.

பென்சில் நின்றது. என்னைப் பார்த்தார். "பரிலா, ஆறுமுகம் அவரே?" எழுதட்டுமா என்று கேட்டார்.

"எழுதுங்க சார்."

எழுதினார். பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். உடனே ஹெட் ஆபீஸுக்கு டெலக்ஸில் செய்தி போனது. திங்கட்கிழமை மத்தியானம் அனுமதி வந்துவிட்டது. சாயங்காலம் லீக் ஆபீஸில் ரெஜிஸ்டரில் பாஸ்கர் கையெழுத்துப் போட்டான். பேங்க்காரர்கள் ஸ்வீட் பாக்கெட்டோடு நீலசந்திராவில் நின்றுகொண்டிருந்தார்களாம். அந்த வாரம் முழுக்க நான் ஃபேக்டரி கேன்டீனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஹெட் ஆபீஸ் கடிதம் முழுசாக வந்தது. நாகராஜய்யா சார் கூப்பிட்டு எனக்குக் கன்னடத்தில் படித்துச் சொன்னார். பாஸ்கர் இரண்டு இடத்திலும் ஆடுவதால் இரண்டாவது இடம் தேவையில்லை. அந்த வேலை ரத்து. டெம்பரவரியில் இருக்கிற ஃபார்வர்டை சீசன் முடிந்ததும் அனுப்பிவிடவும்.

"சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லலயே."

"நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குத்தியது.

அந்தோணியிடம் ஆபீஸ் சொன்னது இதுதான்: ஹெட் ஆபீஸில் வேலை குறைத்துவிட்டார்கள், மார்ச்சோடு சரி. ஏன் குறைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பிராக்டீஸ் முடிந்து கால் நீட்டி என் முன்னால் உட்கார்ந்தான். நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ண்ணா, நான் இன்னா தப்பு பண்ணேன்? போன சீசன் பத்து கோல் போட்டேன்ல?"

"பதினொண்ணு" என்றேன்.

"அதான. அப்புறம் ஏன்ணா?"

அப்போது சொல்லியிருக்கலாம். கையில் எண்ணெய் இருந்தது, தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தேன்.

சீசன் ஆரம்பித்தது. ஹெட் ஆபீஸ் எழுதின மாதிரியே கோச் ஆடவைத்தார். பாஸ்கர் அறுபது நிமிஷம் ஸ்டாப்பர். அறுபதாவது நிமிஷம் அந்தோணியை வெளியே எடுத்துவிட்டு பின்னால் ஆடுகிற பேக் ஒருத்தனை உள்ளே அனுப்புவார், பாஸ்கர் முன்னால் போவான். ஜெயித்துக்கொண்டே இருந்தோம். பேப்பரில் பாஸ்கர் போட்டோ வந்தது. என்னையும் கேட்டு இரண்டு வரி போட்டார்கள். நான் வெட்டி வைக்கவில்லை.

பின்னால் நிற்கிறவன் ஓட்டம் வேறு, முன்னால் ஆடுகிறவன் ஓட்டம் வேறு. ஸ்டாப்பர் பின்னோக்கி ஓடுவான், எகிறுவான், நிற்பான். ஃபார்வர்டு சட்டென்று திரும்புவான், ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பை முறுக்குவான். அறுபது நிமிஷம் ஒரு மாதிரி சூடேறின கால், அதற்குப் பிறகு வேறு மாதிரி திரும்ப வேண்டும். அதுவும் அந்தக் காலத்து எங்கள் மைதானம் புல் இல்லாத செம்மண், கல். ஏழாவது மேட்ச் முடிந்து பாஸ்கரின் வலது முட்டியைப் பார்த்தேன். முட்டிச் சில்லின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலே இரண்டு தடவை வழித்து விட வேண்டும். பிறகு வெளிப்பக்கத்தில் விரலால் மேலிருந்து கீழே வழிக்க வேண்டும். உள்ளே தண்ணீர் சேர்ந்திருந்தால் உள்பக்கத்துக் குழியில் சின்னதாக ஒரு புடைப்பு எழும்பும். நல்ல முட்டியில் எதுவும் எழும்பாது. பாஸ்கருக்கு எழும்பியது. ஐஸை டவலில் சுற்றிக் கட்டினேன். மேலே கிரேப் பேண்டேஜ், கீழிருந்து மேலாக, பாதி பாதி ஏறுகிற மாதிரி.

"வலிக்குதாடா?"

"ஒக்காந்து எழுந்தா வலிக்குது. ஓடும்போது தெரியல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டுருவாங்கண்ணா. நான் பர்மனென்ட் ஆவறதுக்கு இன்னும் மெடிக்கல் பாக்கி இருக்குல்ல?" பேண்டேஜ் முனையைத் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான். "ஏன்ணா, நான் ஒரே எடத்துல நின்னா அந்தோணிண்ணாவுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா?"

"யார்ரா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அறுவதாவது நிமிஷம் அவர் என்னை தாண்டிப் போறாரே, அப்ப மூஞ்சைப் பாக்கறேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் ஒரு இடத்துக்குத்தான் என்று சொன்னால், இரண்டு இடம் என்று சொல்லித்தானே எடுத்தோம் என்று ஹெட் ஆபீஸ் அவனையே அனுப்பிவிடலாம். இரண்டு இடத்திலும் ஆடிக்கொண்டே இருந்தால் முட்டி போய்விடும், மெடிக்கலில் அனுப்பிவிடுவார்கள். அந்தோணி எப்படியும் மார்ச்சில் போகிறான். என் ஒரு வாக்கியம், மூன்று வழியிலும் அடைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நாகராஜய்யா சாரிடம் போனேன். முழுக்கச் சொன்னேன். முட்டியில் எழும்பின புடைப்பை என் முட்டியிலேயே காட்டி விளக்கினேன். அவர் டிராயரைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். வலது பக்கத்தில் மூன்றாவது பதில், பக்கத்தில் என் பெயர்.

"இது உங்கள் வார்த்தை. இதை மாற்ற என்னால் முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஜி.எம். முன்னால் வைக்கிறேன்" என்றார். அடுத்ததையும் அவரே சொன்னார். டீம் அசிஸ்டென்ட் மேனேஜர் கிரேடுக்கு என் பெயர் அந்த வருஷம் போயிருந்தது. தப்பாகச் சொல்லி ஆள் எடுக்கவைத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் அது என் ஃபைலில் ஏறும்.

எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். தமிழில் எழுதினேன், நான் வாசிக்க வாசிக்க அவர் இங்கிலீஷில் எழுதினார். "பேங்க் வரும் அவசரத்தில்..." என்று ஆரம்பித்தேன். பென்சிலை வைத்தார். "யாக்கே?" அடித்தேன். "எல்லோருடைய நன்மையையும் கருதி..." என்றேன். "யாக்கே?" அதையும் அடித்தேன். கடைசியில் தாளில் இரண்டு வரிதான் மிஞ்சியது. இரண்டு பேர் வேலையை ஒருத்தன் செய்வான் என்று நான் சொன்னது தப்பு. சொல்லும்போதே அது தப்பு என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் நான் எழுதிய ஒரே கடிதம் அதுதான். மேனேஜரான பிறகு எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்தேன்.

ஜி.எம்., எங்கள் ஜெனரல் மேனேஜர், வடக்கத்தி மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டு, டீம் எல்லா மேட்ச்சும் ஜெயிக்கிறது, மசாஜர் எதற்கு அழுகிறார் என்று கேட்டாராம். நாகராஜய்யா சார், ஒரு மேட்ச் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். லீக்கின் கடைசி மேட்ச்சுக்கு ஜி.எம். வந்தார். டிரா செய்தால் கப் எங்களுக்கு. எனக்கு எப்போதும் இடம் டச் லைனில் தண்ணீர் வாளி பக்கத்தில். அன்றைக்கு நாகராஜய்யா சார் என்னை ஜி.எம். பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் பாதியிலேயே எங்கள் லெஃப்ட் பேக் கால் பிசகி வெளியே வந்தான். இரண்டாவது பாதி ஆரம்பத்தில் கோலிக்கு நெற்றியில் அடி, அவனையும் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு பேரைத்தான் மாற்றலாம், முடிந்தது. அறுபதாவது நிமிஷம் வந்தது. ஸ்கோர் பூஜ்யம் பூஜ்யம். அந்தோணியை எடுத்துவிட்டு உள்ளே அனுப்ப ஆள் கிடையாது. கோச் யோசித்தார். ஜி.எம். உட்கார்ந்திருக்கிறார், ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். பாஸ்கருக்குக் கையைக் காட்டினார், முன்னால் போ என்று. பாஸ்கர் என் பக்கம் பார்த்தான். நான் தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனான். அந்தோணியும் முன்னால், பாஸ்கரும் முன்னால்.

பத்து நிமிஷம் எதிர் டீம் கோலையே முற்றுகை போட்டோம். பாஸ்கர் ஒரு பந்தைத் தலையால் அடித்தான், போஸ்டில் பட்டுத் திரும்பியது. ஜி.எம். கை தட்டினார். என்னைப் பார்த்து, இதற்கா அழுதாய் என்கிற மாதிரி சிரித்தார். அந்தப் பந்தை அவர்கள் ஆள் ஒருத்தன் நீளமாக உதைத்தான். எங்கள் பக்கம் நடுவில், கோலிக்கு முன்னால், ஒரு பெரிய காலி இடம். அதில் அவர்கள் ஃபார்வர்டு பந்தோடு தனியாக ஓடினான். பாஸ்கர் அங்கிருந்து திரும்பி ஓடி வந்தான். அந்த முட்டியோடு அவன் ஓடி வந்ததை நான் மறக்கமாட்டேன். பாதி வழியில் பந்து வலைக்குள் இருந்தது.

ஜி.எம். முன்னால் குனிந்தார். இந்தியில் கேட்டார். "அந்த இடத்தில் யார் நின்றிருக்க வேண்டும்?"

"பாஸ்கர், சார்."

"முன்னால் இருக்கிறானே, அவன்தானே பாஸ்கர்?"

"ஆமா சார். ஃபைல்படி ரெண்டு இடமும் அவனுதுதான்."

சிவாஜிநகர் உருதுவில் சொன்னேன், புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு மேட்ச் முடியும்வரை அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோலில் தோற்றோம், கப் போய்விட்டது. அன்றைக்கு நாங்கள் வேண்டுமென்றே தோற்றோம் என்று சிலர் பேசினார்கள். அந்தப் பந்து போஸ்டில் படாமல் இரண்டு விரல் உள்ளே போயிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம், அந்தோணி வேலை இழந்து வீட்டுக்குப் போயிருப்பான். பாஸ்கர் அதை உள்ளே போடத்தான் அடித்தான். அவனைத் தப்பாகப் பேசுகிறவர்களிடம் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

ஜி.எம். எழுதினதன் பேரில் பிப்ரவரி கடைசியில் ஹெட் ஆபீஸிலிருந்து திருத்தின அனுமதி வந்தது. இரண்டு இடம், இரண்டு வேலை, இரண்டாவது அந்தோணிக்கு. பாஸ்கர் மூன்று மாதம் ஆடக் கூடாது என்று ஜி.எம். சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் தினம் காலையில் அவன் தொடையில் மணல் பை கட்டி நான் தூக்கவைத்தேன். மெடிக்கலில் டாக்டர் முட்டியை வழித்துப் பார்த்தார், எதுவும் எழும்பவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஆடினான், பின்னால் மட்டும், ஒரே இடத்தில். அவன் அம்மாவிடம் சொன்ன சொல்லைக் கொஞ்சம் லேட்டாகக் காப்பாற்றினேன்.

என் கிரேடு நான்கு வருஷம் தள்ளிப் போனது. நாகராஜய்யா சார் ஒவ்வொரு வருஷமும் என் பெயரை எழுதி அனுப்பினார், ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது வருஷம் கொடுத்துவிட்டார்கள். அவர் இப்போது மைசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னைப் பற்றி நானே பெரிதாகச் சொல்லிக்கொள்கிறவன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு சொல் சொன்னால் அதற்குப் பக்கத்தில் என் பெயர் வரும் என்று எனக்குக் காட்டியது அவர்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால், போன வாரம் காக்ஸ் டவுன் போனேன். அந்தோணிக்கு விஷயம் தெரியாது. இத்தனை வருஷமும் அவன் நினைத்துக்கொண்டிருப்பது, நான்தான் ஜி.எம்.மிடம் பேசி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று. கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் வரும். நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது.

ஹாலில் உட்காரவைத்து, முதலிலிருந்து வாசித்தேன். ஹெட் ஆபீஸ் கடிதம் வரும் இடத்தில் நிறுத்தி அவனைப் பார்த்தேன். "படிங்க" என்றான். கடைசிவரை வாசித்தேன். அவன் மனைவி சமையல் கட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அந்த ஒம்போது மாசம் எங்க வீட்ல யாரும் சரியா சாப்டலண்ணா" என்றான்.

"தெரியும்டா."

"இல்ல, தெரியாது. பாப்பாவை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பேசிக்கினு இருந்தோம்."

எனக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

"பத்து கோல்னு நான் சொன்னப்ப பதினொண்ணுன்னு சொன்னீங்களே. அன்னைக்கே சொல்லி இருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். பயம். கோவம் இருந்தா திட்டிடு, வாங்கிக்கறேன்."

அவன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தோணி எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ஃபேக்டரிச் சட்டையை எடுத்தான். பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலி முதுகில் போட்டான்.

"கோவந்தாண்ணா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "ஆனா நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அது இருக்கற வரைக்கும் உங்க மேல முழுசா கோவப்பட முடியல."